கால்கள் விஜயபுராவில், சைக்கிள்கள் பெங்களூரில்

தொண்ணூறுகளில் பெங்களூரில் ஒரு பெண்பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தருவதாக வீட்டில் சொன்னால், அது பெரும்பாலும் பிஎஸ்ஏ லேடிபேர்டாகத்தான் இருக்கும். நம்ம அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் செய்த வண்டி. நடுவில் குறுக்குக் கம்பி கிடையாது. பாவாடை, சுடிதார் தடுக்காமல் காலை எடுத்துப் போட வசதியாகக் கம்பி தாழ வளைந்து போகும். முன்னால் கூடை. செயினுக்கு முழுக் கவர். பின் சக்கரத்தில் துப்பட்டா சிக்காதபடி ஒரு தடுப்பு. அந்த வண்டியைச் செய்தவர்களின் கவலை அதன் உடம்பிலேயே எழுதியிருந்தது: பெண் பத்திரமாக ஏற வேண்டும், துணி எதிலும் மாட்டாமல் போய்ச் சேர வேண்டும். எவ்வளவு வேகமாகப் போவாள் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைய பெங்களூரில் அந்தக் கேள்விக்கு இடமும் இல்லை. அல்சூரிலிருந்து டியூஷனுக்கு, மல்லேஸ்வரத்திலிருந்து காலேஜுக்கு, ஜெயநகரில் ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்கு. மரம் அடர்ந்த தெருக்கள், குளிர்ந்த காலை, ஓரளவு சமதளம். சைக்கிளுக்கென்றே அமைந்த ஊர் மாதிரிதான் இருந்தது. ஆனால் பெண்ணின் சைக்கிளுக்கு ஒரு காலக்கெடு உண்டு. பத்தாவதோடு சிலருக்கு, பி.யு.சி.யோடு சிலருக்கு. தொண்ணூறுகளின் நடுவில், கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஓசூர் டிவிஎஸ்ஸின் ஸ்கூட்டி தெருவுக்கு வந்ததும் லேடிபேர்ட் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. வேலைக்குப் போகும் பெண் சைக்கிளில் போனால் வீட்டில் கஷ்டமோ என்று அக்கம்பக்கம் விசாரிக்கும். கல்யாணமான பெண் என்றால் சொல்லவே வேண்டாம்.

அதே காலத்தில் புதுக்கோட்டையில் நடந்ததைத் தமிழ் வாசகர் மறந்திருக்க மாட்டார். 1991-92இல் அறிவொளி இயக்கமும் அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தும் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கொடுத்தபோது, கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிப் பெண்களும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பலர் ஆண்கள் ஓட்டும் குறுக்குக் கம்பி வண்டியையே விரும்பி எடுத்தார்கள். குழந்தையையோ தண்ணீர்க் குடத்தையோ சுமையையோ வைக்க அதுதான் தோது. ஒரு பெண் வண்டியில் ஏறிவிட்டால் தனக்குத் தேவையானதைத் தானே தேர்ந்தெடுப்பாள் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியாது. கர்நாடகத்திலும் 2006-07இல் எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு அரசே சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. கொரோனா காலத்தில் அது நின்றுபோனது. ஒரு தலைமுறைக் கிராமத்துப் பெண்கள் பள்ளிக்கு மிதித்துப் போனது அந்த வண்டிகளில்தான். ஆனாலும் இதெல்லாம் போய்வரும் சைக்கிள். பந்தயச் சைக்கிளின் கதை வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது.

பெங்களூரிலிருந்து வடக்கே 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் விஜயபுரா. பழைய பிஜாப்பூர். கோல்கும்பஸைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த மாவட்டமும் பக்கத்து பாகல்கோட்டும்தான் கர்நாடகச் சைக்கிள் பந்தயத்தின் தாய்வீடு என்பது தெரிந்திருக்காது. ஊர்த் திருவிழாவில் மல்யுத்தம் போலச் சைக்கிள் பந்தயமும் நடக்கிற பூமி அது. நேராக நீண்ட சாலை, கருப்பு மண் வயல், மறைக்க மரமில்லாத எதிர்க்காற்று. அங்கே மாநில அரசின் விளையாட்டு விடுதியில் சைக்கிள் ஒரு முக்கியப் பிரிவு. பெலகாவி மாவட்டத்தில் சந்தரகி விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. விவசாயி வீட்டுப் பெண்கள் பத்து, பன்னிரண்டு வயதில் விடுதிக்கு வந்து, காலை இருட்டில் நெடுஞ்சாலையில் பத்துப் பேர் வரிசையாக மிதிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். தேசியப் போட்டிகளிலும் கேலோ இந்தியாவிலும் கர்நாடகம் வாங்கும் பெண்கள் பதக்கங்களில் பெரும்பங்கு இந்த வடபுலத்திலிருந்து வருகிறது. மேகா குகாட், தானம்மா சிச்சகண்டி போன்ற பெயர்களைப் பந்தயத்தைத் தொடர்கிறவர்கள் அறிவார்கள். பெங்களூர்ப் பத்திரிகைகளில் அவர்கள் பெயர் வந்தால் உள்பக்கத்தில் இரண்டு வரி.

பெண்கள் பந்தயத்தில் அந்த நாளில் உலகமும் ஒன்றும் பெரிதாக வாழவில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்குச் சாலைப் பந்தயம் வைத்தார்கள். அதே ஆண்டு பிரான்ஸில் ஆண்களின் டூர் டி பிரான்ஸ் ஓடிய வாரங்களிலேயே, பெரும்பாலும் அதே பாதையில் அவர்களுக்கு முன்னால், பெண்களும் 18 கட்டங்கள் ஓடினார்கள். ஜெயித்த அமெரிக்கர் மரியான் மார்ட்டினுக்குக் கிடைத்தது ஒரு கோப்பையும் ஏறத்தாழ ஆயிரம் டாலரும். ஆண்களில் ஜெயித்த லோரான் ஃபிஞ்ஞோனுக்கு லட்சக்கணக்கில். பிறகு இத்தாலியின் மரியா கனின்ஸும் பிரான்ஸின் ஜானி லோங்கோவும் மலைமேல் மல்லுக்கட்டினார்கள். 1989க்குப் பிறகு அந்தப் பந்தயமும் நின்றது. வேறு பெயர்களில், வேறு வேறு கைகளில், காசில்லாமல் சில ஆண்டுகள் தேய்ந்து 2009இல் அணைந்தே போனது. உலக சாம்பியன்கூட வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓடிய காலம்.

பெங்களூர் மாறியது இந்த இடைவெளியில்தான். 2006, 2007 வாக்கில் ஐ.டி. சம்பளம் புழங்கத் தொடங்கிய வீடுகளில் முதல் கியர் சைக்கிள்கள் நுழைந்தன. இறக்குமதி வண்டிகளை விற்கும் கடைகள் ஜெயநகர் பக்கமும் இந்திராநகர் பக்கமும் முளைத்தன. 2008 டிசம்பரில் பெங்களூரிலிருந்து முதல் டூர் ஆஃப் நீலகிரிஸ் கிளம்பியது. மூன்று மாநில எல்லையைத் தொட்டு, மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி ஊட்டிக்குப் போகும் பயணம். கல்லட்டியில் ஜீப்பே முதல் கியரில் முனகும். 2009இல் சர்ஜாப்பூர் சாலையில் டெக்கத்லான் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு பைக், பணக்கார வீட்டுப் பொருள் என்பதிலிருந்து மாதச் சம்பளக்காரர் எட்டக்கூடியதாக இறங்கியதில் அந்தக் கடைக்குப் பெரிய பங்குண்டு. அதை ஒட்டிய ஆண்டுகளில் பெங்களூர் பைசைக்கிள் சாம்பியன்ஷிப்ஸ் என்ற பெயரில் சைக்கிள் பைத்தியம் பிடித்த சில தன்னார்வலர்கள் ஞாயிறு விடியலில், லாரிகள் விழிக்கும் முன், ஊருக்கு வெளியே பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். அதில் பெண்களுக்குத் தனிப் பிரிவும் வந்தது. முதல் நாட்களில் வரிசையில் நிற்கும் பெண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இன்று ஒரு ஞாயிறு காலை நந்தி மலை அடிவாரத்துக்குப் போய்ப் பாருங்கள். பெங்களூரிலிருந்து 60 கிலோமீட்டர். காரஹள்ளி கிராஸ் தாண்டியதும் சாலை தூக்க ஆரம்பிக்கும். அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டர், உச்சி 1,478 மீட்டர். விடிவதற்கு முன்பே சிவப்புப் பின்விளக்குகள் வரிசையாக மினுக்கும். மேலே ஏறுகிறவர்களில் பாதிக்கு மேல் ஆண்கள்தான், ஆனால் அவர்களைச் சத்தமில்லாமல் கடந்து போகிறவர்களில் நிறையப் பெண்கள். ஷூவின் அடியில் திருகிய க்ளீட் பெடலில் பூட்டிக்கொள்ளும்போது ஒரு சின்ன 'டக்'. கடைசி மூன்று கிலோமீட்டரில் சரிவு கூடும்போது பேச்சு நின்றுவிடும். மூச்சும் செயினும் மட்டும் கேட்கும். வளைவின் உள்பக்கம் செங்குத்து என்று தெரிந்து வெளிப்பக்கமாக எடுத்து, கியரை முன்கூட்டியே இறக்கி, இடுப்பை அசைக்காமல் மிதிக்கிறாள் ஒரு பெண். ஹேண்டில்பாரில் இருக்கும் சின்னக் கணினி அவள் எத்தனை வாட் சக்தி போடுகிறாள் என்று காட்டுகிறது. இந்தக் காட்சியில் செயின் கவருக்கு வேலையில்லை, பூக்கூடைக்கும் வேலையில்லை. வங்கி மேலாளர், மென்பொருள் எழுதுகிறவர், பல் டாக்டர், இரண்டு பிள்ளைக்குத் தாய், ஐம்பது தாண்டியவர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். முப்பது வருஷத்தில் ஒரு நகரத்துப் பெண்களின் உடம்பு பற்றிய எண்ணமே திருப்பிப் போட்டதுபோல் ஆகியிருக்கிறது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வராது.

இதற்கு அவர்கள் கொடுக்கும் விலையும் சாதாரணமில்லை. தனியாகக் கிளம்பும் பெண்ணை உரசிக்கொண்டு போய்க் கூச்சலிடும் பைக்காரர்கள் இன்னும் ஹென்னூர் - பாகலூர் சாலையில் உண்டு. நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவள் போகும் வழியில் சுத்தமான கழிப்பறை எங்கே என்று முதலில் கணக்குப் போடுகிறாள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டித் தலைசுற்றி விழுந்தவர்களை எனக்குத் தெரியும். 2020இல் அவுட்டர் ரிங் ரோட்டில் சில்க் போர்டிலிருந்து சைக்கிளுக்கென்று பிரித்துக் கொடுத்த பாதையின் தடுப்புக் குச்சிகள் சில மாதங்களில் உடைந்து போயின. மோட்டார் சைக்கிள்கள் அதில் ஓடின. ஆகவே பலர் வீட்டுக்குள் டிரெயினரில் வண்டியைப் பூட்டி, திரைக்கு முன்னால் மிதிக்கிறார்கள். காலுக்குப் பலம் சேர இது போதும்.

பந்தயம் கற்றுக்கொள்ள இது போதாது. சைக்கிள் சாலைப் பந்தயத்தைப் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மிகப் பலசாலி ஜெயிக்கிற ஆட்டம் இல்லை இது. முன்னால் போகிறவளின் சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டினால், காற்றை அவள் கிழிப்பாள். பின்னால் இருப்பவளுக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். நூறு பேர் கூட்டமாக 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது யார் சக்கரத்தைப் பிடிப்பது, எப்போது விடுவது, தோழியை முன்னால் அனுப்பி யாரை அலுப்பாக்குவது, எந்த வளைவுக்கு முன் முதல் பத்துக்குள் போய்விடுவது என்பதெல்லாம் தோளோடு தோள் இடித்துத்தான் வரும். நீச்சலைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது என்பார்களே, அதுதான். பெண் பந்தய வீராங்கனைக்கு மற்ற எல்லாவற்றையும்விட முதலில் வேண்டியது பந்தய நாள். வருஷத்தில் அவள் எத்தனை நாள் நெஞ்சில் எண் குத்திக்கொண்டு வரிசையில் நின்றாள் என்பதுதான் கணக்கு.

ஐரோப்பா இதைத் தாமதமாகவாவது புரிந்துகொண்டது. 2016இல் பெண்களுக்கு உலகச் சுற்றுப் பந்தய அட்டவணை வந்தது. 2017இல் மூன்று வீராங்கனைகள், ஐரிஸ் ஸ்லாப்பெண்டல், கார்மென் ஸ்மால், கிரேசி எல்வின், சேர்ந்து வீராங்கனைகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2020இல் முதல்தர அணிகளில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 15,000 யூரோ என்று சர்வதேச சைக்கிள் சங்கம் கட்டாயமாக்கியது, பிரசவ விடுப்பும் சேர்த்து. 2025இல் அந்தக் குறைந்தபட்சம் 38,000 யூரோ. நம் கணக்கில் 35 லட்சத்துக்கு மேல். சங்கம், சம்பளம், தொலைக்காட்சி, இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்ததுதான் திருப்பம்.

2021 அக்டோபரில் பிரான்ஸின் பாரிஸ் - ரூபே பந்தயத்தில் முதன்முறையாகப் பெண்கள் ஓடினார்கள். ஆண்கள் 1896 முதல் ஓடுவது. பெண்களால் முடியாது என்று நூற்றாண்டுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்த சாலை. கழுதை முதுகு போல் கருங்கல் பதித்த வழி, அன்று மழை, சேறு. ஒரு குழந்தைக்குத் தாயான பிரிட்டன் வீராங்கனை லிசி டைக்னன் 80 கிலோமீட்டர் தனியாக முன்னால் ஓடி ஜெயித்தார். கையுறை இல்லாத உள்ளங்கைகள் கிழிந்து ஹேண்டில்பார் டேப்பில் ரத்தம் படிந்திருந்தது. அவருக்கு அறிவித்த பரிசு 1,535 யூரோ. அடுத்த நாள் ஆண்களில் ஜெயித்தவருக்கு 30,000. அவருடைய அணியே வித்தியாசத்தைத் தன் கையிலிருந்து போட்டு நிரப்பியது. அந்த இரண்டு எண்களும் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. அடுத்த வருஷம் டூர் டி பிரான்ஸ் ஃபாம் திரும்ப வந்தது: எட்டுக் கட்டங்கள், வெற்றியாளருக்கு 50,000 யூரோ. முதல் பட்டம் நெதர்லாந்தின் அனமீக் ஃபான் ஃப்ளூட்டனுக்கு. 2024இல் போலந்தின் காஷியா நியேவியடோமா எட்டுக் கட்டங்கள் ஓடி ஜெயித்தது வெறும் 4 விநாடியில். 2025இல் போலின் ஃபெராண்ட் - ப்ரெவோ ஜெயித்தபோது, லோங்கோவுக்குப் பிறகு 36 வருஷம் கழித்து ஒரு பிரெஞ்சுக்காரி மஞ்சள் சட்டையோடு நின்றாள் என்று சாலையோரம் ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. ஆண்களின் டூரில் முதல் பரிசு இன்னும் 5 லட்சம் யூரோ. இடைவெளி இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு இருபது வயதுப் பெண் இதைத் தொழில் என்று சொல்லி வீட்டுக்குக் காசு அனுப்ப முடியும்.

இங்கே? அந்த முதல்தர அணிகளில் இதுவரை ஓர் இந்தியப் பெண்கூட ஓடியதில்லை. ஒலிம்பிக்கில் இந்தியச் சைக்கிள் வீரர் கடைசியாக ஓடியது 1964 டோக்கியோவில், அதுவும் ஆண்கள். இந்தியப் பெண் யாரும் இன்றுவரை போகவில்லை. பெண்கள் இல்லாமல் இல்லை. மணிப்பூரின் பித்யாலட்சுமி 2016 குவஹாத்தி தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்றார். கார் நிக்கோபாரில் 2004 சுனாமியில் ஒன்பது வயதில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நாட்கணக்கில் உயிர்பிழைத்த டெபோரா ஹெரால்ட், உள்ளரங்க ஓடுதளத்தில் உலகத் தரவரிசையின் முதல் வரிசைக்கு வந்தார். கேரளம், மகாராஷ்டிரம், அந்தமான், நம் தமிழ்நாடு என்று பதக்க வரைபடம் விரிகிறது. ஓடுதளப் பந்தயத்துக்கு டெல்லியில் 2010 காமன்வெல்த்துக்காகக் கட்டிய அரங்கம், பயிற்சி முகாம், வெளிநாட்டுப் பயணம் என்று ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கிறது. சாலைப் பந்தயத்துக்கு அதுவும் கிடையாது. தேசியப் போட்டி, கேலோ இந்தியா, ரயில்வே, பல்கலைக்கழகப் போட்டி. அதைத் தாண்டினால் காலண்டர் காலி.

அதனால்தான் விஜயபுராப் பெண்ணின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் இலக்கு பாரிஸ் இல்லை, ரயில்வே வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஹூப்பள்ளியிலோ வேறெங்கோ ஒரு பணி நியமனம் கிடைத்துவிட்டால், குடும்பமே கரையேறிவிடும். நான் அதைக் குறைவாக நினைக்கவில்லை. மாதச் சம்பளமும் பென்ஷனும் தரக்கூடிய ஒரே கதவு அதுவாக இருக்கும்போது அந்தப் பெண் வேறெதைத் தட்டுவாள்? ஆனால் அந்தக் கதவு பெரும்பாலும் இருபது வயதை ஒட்டித் திறக்கிறது. சாலைப் பந்தயத்தில் உடம்பு முற்றி, புத்தி கூர்மையாவது இருபத்தைந்துக்கு மேல். ஃபான் ஃப்ளூட்டன் அந்த டூரை ஜெயித்தபோது அவருக்கு வயது 39. நம் பெண்கள் நல்ல ஓட்டம் தொடங்க வேண்டிய வயதில், ஜெயித்தாகிவிட்டது என்று வண்டியைச் சுவரில் சாய்த்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் மூடி மறைக்கக் கூடாது. 2022 ஜூனில் ஸ்லோவேனியாவில் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு வீராங்கனை, தலைமைப் பயிற்சியாளர் தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகப் புகார் கொடுத்தார். இந்திய விளையாட்டு ஆணையம் அந்தப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை ரத்து செய்து அணியைத் திரும்ப அழைத்தது. ஒரு பெண் வாய் திறந்தாள் என்பதும் நிறுவனம் நடவடிக்கை எடுத்தது என்பதும் அன்றைக்கு நடக்காத இன்றைய விஷயம். ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி இன்னும் பெரிது: விவசாயி வீட்டிலிருந்து பத்து, பன்னிரண்டு வயதில் விடுதிக்கு வரும் பெண்ணுக்கு, வீட்டைத் தவிர யாரிடம் போய்ச் சொல்ல முடியும் என்ற ஏற்பாடு எத்தனை இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்? ஒரு பெண் பயிற்சியாளர், ஒரு பெண் மேலாளர், கிராமத்துக்குப் பேச ஒரு போன் எண் இருந்தாலே பாதி வழி கடந்தது போல. பெங்களூரின் வேலைபார்க்கும் பெண் சைக்கிளை விட்டுவிட நினைத்தால் விட்டுவிடலாம். விடுதிப் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை, அவளுடைய மார்க்கும் வேலையும் சாப்பாடும் ஒரே மனிதரின் கையெழுத்தில் இருக்கின்றன.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெங்களூரில் ஐந்து லட்ச ரூபாய் கார்பன் வண்டி, வாட் அளக்கும் மீட்டர், உடம்பளவுக்கு வண்டியைப் பொருத்திக் கொடுக்கும் நிபுணர், பிசியோ, ஸ்பான்சர் கொடுக்கக்கூடிய கம்பெனிகள் எல்லாம் இருக்கின்றன. விஜயபுராவில் பதினேழு வயதில் தினம் 80 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் ஓட்டும் கால்கள் இருக்கின்றன; ஓடுதளம் கட்டும் வேலை பல வருஷம் இழுத்துக்கொண்டே போன ஊர் அது. இடையில் 500 கிலோமீட்டர். பெங்களூரின் வேலைபார்க்கும் பெண்ணும் பாகல்கோட்டின் விடுதிப் பெண்ணும் ஒரே பந்தயத்தில் வரிசையில் நிற்கும் நாட்கள் வருஷத்தில் மிகக் குறைவு. நகரத்துக்காரி தன் வேகத்தை யாரோடும் ஒப்பிட முடியாமல் ஆப்பில் பதிவேற்றுகிறாள். கிராமத்துக்காரி தன் வேகத்தை விற்க ஆளில்லாமல் ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறாள். அன்று பெண்களுக்குப் பந்தயச் சைக்கிளே இல்லை என்பதுதான் குறை. இன்று சைக்கிள், கால், காசு மூன்றும் ஒரே மாநிலத்தில் இருந்தும் சந்திக்கவில்லை. எனக்கு இந்த இரண்டாவது குறைதான் அதிகம் வலிக்கிறது, கொஞ்சம் மனசு வைத்தால் தீரக்கூடியது என்பதால்.

நகரத்தின் அலுவலகப் பெண்ணிடமிருந்து என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். கிறிஸ்டன் ஃபாக்னர். நியூயார்க்கில் முதலீட்டுக் கம்பெனியில் வேலை. 2017இல் சென்ட்ரல் பார்க்கில் பெண்களுக்கு நடந்த ஓர் ஆரம்பநிலை சைக்கிள் வகுப்பில் சேர்ந்தார். காலையில் பார்க்கில் ஓடும் உள்ளூர்ப் பந்தயங்களில் கற்றுக்கொண்டார். 2021இல் வேலையை விட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், இன்னொருவர் விலகியதால் கிடைத்த இடத்தில், 158 கிலோமீட்டர் சாலைப் பந்தயத்தில் கடைசி மூன்று கிலோமீட்டரில் பிய்த்துக்கொண்டு போய்த் தங்கம். அவருக்கு முன் டோக்கியோவில் அதே தங்கத்தை வாங்கியவர் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், கணித ஆராய்ச்சியாளர், எந்த அணியிலும் இல்லாதவர். இவர்களைப் போன்ற பெண்கள் பெங்களூரில் இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. ஃபாக்னருக்கு இருந்தது காலையில் கார் இல்லாத சாலையும் வாரா வாரம் ஒரு பந்தயமும்.

விவசாயி மகளிடமிருந்து என்ன வரும் என்று கேட்டால் வியட்நாமைப் பாருங்கள். அங்கே பின் துவோங் பகுதியில் ஆண்டுதோறும் மார்ச் மாதம், மகளிர் தினத்தை ஒட்டி, பெண்களுக்கு மட்டும் பல கட்டப் பந்தயம் ஒன்று நடக்கிறது. வெளிநாட்டு அணிகள் வரும், உள்ளூர்த் தொலைக்காட்சி நேரலை காட்டும், தண்ணீர் சப்ளை செய்யும் கம்பெனி பெயரில் கோப்பை. அந்த மாதிரிப் பந்தயங்களில் வளர்ந்த ஆன் ஜியாங் மாகாணத்து ஏழை வீட்டுப் பெண் நுயென் தி தாட் ஆசிய சாம்பியனானார். ஐரோப்பிய முதல்தர அணியில் சேர்ந்தார். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடினார். மொத்தப் பொருளாதாரத்தில் வியட்நாம் நம்மைவிடப் பெரிய நாடு இல்லை. அவர்கள் பெண்களுக்குப் பந்தய நாட்களைக் கொடுத்தார்கள்.

நம்மிடம் 2026 ஜனவரியில் புனேயில் சர்வதேச அங்கீகாரத்தோடு பல கட்டச் சாலைப் பந்தயம் நடந்தது. நாட்டிற்கே பெருமையான விஷயம். போலீஸ், ஆம்புலன்ஸ், மூடிய சாலைகள், நேரலை, வெளிநாட்டு அணிகள் எல்லாம் நம்மால் முடியும் என்று அது காட்டிவிட்டது. ஆண்களுக்கு மட்டும். சாலையை ஒருமுறை மூடிவிட்டால் காலையில் பெண்களும் மதியம் ஆண்களும் ஓட அதிகச் செலவு ஒன்றும் ஆகாது. 1984இல் பிரெஞ்சுக்காரர்கள் செய்ததே அதுதான்.

எனக்கு ஒரு பாதை மனசில் இருக்கிறது. விஜயபுராவிலிருந்து பெண்களுக்கு ஐந்து நாள் பந்தயம். முதல் நாள் கிருஷ்ணாவைத் தாண்டி இல்கல் வரை, நேர்ச்சாலை, வேகக்காரிகளுக்கு. இரண்டாம் நாள் ஹொசப்பேட்டை, துங்கபத்திரை அணையடியில் முடியும். மூன்றாம் நாள் சித்ரதுர்கா. அங்கே குன்றெல்லாம் காற்றாலைகள், பக்கவாட்டுக் காற்று கூட்டத்தைச் சாய்கோடாக அறுத்துப் போடும், வடகர்நாடகப் பெண்களுக்கு அந்தக் காற்று பழகியது. நான்காம் நாள் துமகூரு. ஐந்தாம் நாள் தொட்டபள்ளாப்புரம் வழியாக நந்தி மலை உச்சி, ஒவ்வொரு வளைவும் பெங்களூர்க்காரிகளுக்குத் தெரிந்தது. மொத்தம் 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெண்களின் ஒருநாள் தூரத்துக்குச் சர்வதேச விதி வைத்திருக்கும் வரம்புக்குள் எல்லாக் கட்டமும் அடங்கும். பெங்களூரின் இரண்டு கம்பெனிகள், மாநில விளையாட்டுத் துறை, வழியிலுள்ள மாவட்டங்களின் போலீஸ், நேரலைக்கு ஒரு கன்னடச் சேனல். மார்ச்சில் வைத்தால் வடக்கே வெயில் தாங்காது. ஜனவரி மூன்றாம் வாரம், சங்கராந்தி கழிந்த உடனே வைக்கலாம். விடுதிப் பெண்களுக்கு அப்போது ஆண்டுத் தேர்வும் இருக்காது.